அகதிக் குழந்தைகளும் சிகிச்சையின் வழியே பரவும் இரத்தத் தொற்றுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போரினாலோ வன்முறையினாலோ இருப்பிடத்தை இழந்து வேறு நாட்டுக்கு வந்து சேர்ந்த குழந்தைகளின் பெற்றோர், காப்பாளர்கள், ஆசிரியர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், முகாம்களில் பணியாற்றும் தன்னார்வலர்கள் ஆகியோர் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. குறிப்பிட்ட ஒரு குழந்தைக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை அக்குழந்தையைப் பார்க்கும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

தாய்க்குச் சோதித்ததில் எந்தத் தொற்றும் இல்லை. குழந்தைக்கு மட்டும் ஹெபடைட்டிஸ் சி என்ற கல்லீரல் வைரஸ் தொற்று இருப்பதாகச் சொல்கிறார்கள். இது எப்படி நேரும்?

சிறு குழந்தையிடம் இரத்த வழித் தொற்று ஒன்று தெரியவந்ததும் எல்லோருடைய பார்வையும் தாயின் பக்கம் திரும்புகிறது. அதற்கு ஒரு காரணமும் உண்டு: எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி ஆகிய மூன்றும் பிரசவத்தை ஒட்டித் தாயிடமிருந்து குழந்தைக்குச் செல்லக்கூடியவை. ஆனால் ஹெபடைட்டிஸ் சி உள்ள தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பேருக்கே அது தொற்றுகிறது. தாய்க்குத் தொற்றே இல்லை என்று முறையான சோதனையில் உறுதியான பிறகு, வைரஸ் வேறொருவரின் இரத்தத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். சிறு குழந்தைகளின் வாழ்வில் மற்றவரின் இரத்தம் உடலுக்குள் செல்லும் வாய்ப்பு பெரும்பாலும் மருத்துவம் நடக்கும் இடத்தில்தான் ஏற்படுகிறது: மறுபடி பயன்படுத்திய சிரிஞ்சு, பொதுவாகப் பயன்படுத்திய மருந்துக் குப்பி, சோதிக்காமல் ஏற்றிய இரத்தம், சரியாகக் கிருமிநீக்கம் செய்யாத அறுவைக் கருவி அல்லது பல் கருவி. பாலியல் வன்முறையும் ஒரு வழியாக இருக்கலாம் என்பதை மருத்துவர் மனத்தில் வைத்திருப்பார். அதை அவர் பக்குவமாகவும் தனியாகவும் விசாரிக்க வேண்டுமே தவிர, ஊகமாகக் குடும்பத்தின் மீது சுமத்தக் கூடாது.

பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் உள்ள ரத்தோதேரோவில் 2019இல் நடந்தது இதற்குத் தெளிவான சான்று. அங்கே சில மாதங்களுக்குள் 31,239 பேரைச் சோதித்ததில் 930 பேருக்கு எச்ஐவி இருப்பது தெரிந்தது. அவர்களில் 763 பேர் 16 வயதுக்குட்பட்டவர்கள். பெரும்பாலானோர் 5 வயதுகூட நிரம்பாதவர்கள். அக்குழந்தைகளின் தாய்மாரில் மிகப் பலருக்கு எச்ஐவி இல்லை. அவர்கள் அகதிகள் அல்லர், தங்கள் ஊரிலேயே வாழ்ந்தவர்கள். ஆனால் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் ஊசி போட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்ட, மேற்பார்வையில்லாத மருத்துவம் மலிந்த இடங்களில் என்ன நேரும் என்பதற்கு அந்த எண்கள் போதும். இத்தகைய இடங்களைக் கடந்துதான் பல அகதிக் குடும்பங்கள் வருகின்றன.

இவ்வாறு பரவும் வைரஸ்கள் எவை?

முக்கியமானவை மூன்று: ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, எச்ஐவி. முதல் இரண்டும் கல்லீரலைத் தாக்குபவை. மூன்றாவது நோயெதிர்ப்பு ஆற்றலை அழிப்பது. ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களை மட்டுமே பற்றும் ஹெபடைட்டிஸ் டி என்ற நான்காவது வைரஸும் சில நாடுகளில் பரவலாக உள்ளது.

இவை சம அளவில் தொற்றுபவை அல்ல. தொற்றுள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி மருத்துவப் பணியாளர் ஒருவரின் தோலைத் துளைத்துவிட்டால், எச்ஐவி தொற்ற ஏறத்தாழ 0.3 விழுக்காடும், ஹெபடைட்டிஸ் சி தொற்ற ஏறத்தாழ 1.8 விழுக்காடும் வாய்ப்புண்டு என்று நெடுங்காலமாகக் கணக்கிடப்பட்டு வந்திருக்கிறது. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 விழுக்காடு வரை. அந்த வைரஸ் உலர்ந்த இரத்தத்தில் குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்புடன் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் ஒட்டிய கருவியே போதும் என்பதால், துடைத்தால் சுத்தமாகிவிடும் என்ற எண்ணத்துக்கு இதில் இடமில்லை.

ஊசிமுனையை மாற்றிவிட்டுத்தான் போட்டார்கள். அதன் பிறகும் ஆபத்து உண்டா?

உண்டு. மிகப் பலர் நம்பிக்கையோடு செய்யும் தவறு இதுதான் என்பதால் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். சதைக்குள் ஊசியைக் குத்தியவர் இரத்தக் குழாயில் பட்டுவிட்டதா என்று பார்க்க உந்துதண்டைச் சிறிது பின்னிழுப்பார். அவ்வாறு இழுக்காவிட்டாலும், ஊசிமுனையைக் கழற்றும்போது உண்டாகும் உறிஞ்சலால் அதிலுள்ள நுண்ணளவு திரவம் சிரிஞ்சின் குழலுக்குள் சென்றுவிடும். இப்போது குழல் மாசுபட்டுவிட்டது. அதில் புதிய முனையைப் பொருத்தி அடுத்த குழந்தைக்குக் குத்தினால், முதல் குழந்தையின் இரத்தம் புதிய முனையின் வழியாகவே உள்ளே செல்கிறது. அதே சிரிஞ்சைப் பலருக்கான மருந்துக் குப்பிக்குள் விட்டு மீண்டும் மருந்தை உறிஞ்சினால், அந்தக் குப்பியிலிருந்து மருந்து பெறும் எல்லோருக்கும் ஆபத்து பரவுகிறது. அந்த வரிசையில் நின்ற ஒரு குழந்தைக்குப் புத்தம்புதிய சிரிஞ்சைப் பிரித்துப் போட்டிருந்தாலும் குப்பியின் வழியே தொற்று வந்துவிடும்.

நெரிசலான மருந்தகங்களில் உப்புநீர்ப் பை ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் மூடியில் ஓர் ஊசியைக் குத்தி அப்படியே விட்டுவைத்து, நாள் முழுவதும் வருகிறவர்களின் நரம்பூசிக் குழாய்களைக் கழுவ அதிலிருந்தே நீர் எடுக்கும் பழக்கமும் உண்டு. கொதிநீரில் சிறிது நேரம் போட்டெடுப்பதை நம்பிய காலத்தின் விளைவை எகிப்தில் காணலாம். அங்கே நத்தைகளின் வழியே பரவும் ஒட்டுண்ணி நோயை ஒழிக்க 1950களிலிருந்து 1980களின் தொடக்கம் வரை கிராமந்தோறும் நரம்பூசி போட்டார்கள். கண்ணாடிச் சிரிஞ்சுகளை முறையாகக் கிருமிநீக்கம் செய்யாமல் மீண்டும் பயன்படுத்தினார்கள். ஒட்டுண்ணி குறைந்தது, ஹெபடைட்டிஸ் சி ஒரு தலைமுறை முழுவதும் பரவியது.

அகதிக் குழந்தைகளுக்கு இந்த ஆபத்து ஏன் கூடுதலாக இருக்கிறது?

அகதியாக இருப்பது நோய்க்குக் காரணம் அல்ல. அக்குழந்தை கடந்து வந்த மருத்துவ வசதிகளின் நிலையே காரணம். போர் நடக்கும் பகுதியில் மின்சாரம் நின்றால் கிருமிநீக்கக் கருவி நின்றுவிடும். சிரிஞ்சு இருப்பு தீர்ந்தால் இருப்பதைக் கழுவிப் பயன்படுத்துவார்கள். குண்டடிபட்ட குழந்தைக்கும், மலேரியாவால் கடுமையான இரத்தசோகைக்கு ஆளான குழந்தைக்கும் உடனடியாக இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும்போது, சோதனைப் பொருள்கள் இல்லையென்றால் அருகில் நிற்கும் உறவினரின் இரத்தத்தைச் சோதிக்காமலே ஏற்றிவிடும் நிலை வரலாம். தாலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாடு கடுமையாக உள்ள குழந்தைக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை வாழ்நாள் முழுவதும் இரத்தம் வேண்டும் என்பதால், அத்தகைய குழந்தை எத்தனை நாடுகளைக் கடந்து வந்ததோ அத்தனை நாடுகளின் இரத்த வங்கிகளின் தரத்தையும் உடலில் சுமந்துகொண்டு வருகிறது.

இன்னொரு காரணம் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. வழிப்பயணத்தில் ஆவணம் இல்லாத குடும்பங்கள் அரசு மருத்துவமனைக்குச் செல்லப் பயந்து, உரிமம் இல்லாதவரிடம் ஊசி போட்டுக்கொள்கின்றன. அந்த ஊசிகளில் பெரும்பாலானவை தேவையே இல்லாதவை. சாதாரணக் காய்ச்சலுக்கும் சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும் வாய்வழி மருந்தோ உப்பு சர்க்கரைக் கரைசலோ போதும். ஆயினும் ஊசி போட்டால்தான் உடம்பு தேறும் என்று நோயாளியும், ஊசி போட்டால்தான் பணம் தருவார்கள் என்று போடுபவரும் நினைக்கிறார்கள்.

இதோடு, பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி, இடம்பெயர்வின் நடுவே பிறந்த குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தவறிவிடுகிறது. ஆபத்து கூடிய அதே குழந்தைக்குக் காப்பும் இல்லாமல் போகிறது.

அப்படியென்றால் முகாமில் போட்ட தடுப்பூசியால் வந்திருக்குமா?

அதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் ஐ.நா. மக்கள்தொகை நிதியமும் 1999இல் கூட்டாக வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு, தடுப்பூசித் திட்டங்களுக்கு ஒருமுறை அழுத்தியதும் தானாகவே பூட்டிக்கொண்டு மறுபடி இழுக்க முடியாதபடி செய்யப்பட்ட சிரிஞ்சுகளே வழங்கப்படுகின்றன. உலகெங்கும் போடப்படும் ஊசிகளில் தடுப்பூசியின் பங்கு சிறியது. ஆபத்து பெரும்பாலும் சிகிச்சைக்காகப் போடும் ஊசிகளிலேயே இருந்திருக்கிறது. இந்த அச்சத்தால் தடுப்பூசியை மறுக்கும் பெற்றோர், இம்மூன்று வைரஸ்களில் தடுப்பூசி உள்ள ஒன்றே ஒன்றிலிருந்தும் தம் குழந்தையைக் காக்கத் தவறுகிறார்கள்.

குழந்தை ஓடியாடி விளையாடுகிறது. தொற்று இருந்தால் தெரியாதா?

பெரும்பாலும் தெரியாது. சிறு குழந்தைகளுக்கு ஹெபடைட்டிஸ் பி, சி தொற்றும்போது மஞ்சள் காமாலை வருவது அரிது. ஹெபடைட்டிஸ் பியைப் பொறுத்தவரை வயது குறையக் குறைய அது நிலைத்துவிடும் வாய்ப்பு கூடுகிறது. பிறப்பின்போதோ முதல் ஆண்டிலோ தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளிடம் நாட்பட்டதாகிவிடும். ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் தொற்றினால் கால்பங்கு முதல் பாதிக் குழந்தைகளிடம் நிலைக்கும். நலமான வளர்ந்தவர்களிடம் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவாகவே நிலைக்கும். இருபது முப்பது ஆண்டுகள் அமைதியாக இருந்துவிட்டுக் கல்லீரல் இறுகலாகவோ புற்றாகவோ அது வெளிப்படக்கூடும். எச்ஐவி மட்டும் காத்திருப்பதில்லை: எடை கூடாமை, அடிக்கடி நிமோனியா, வாய்ப்புண், தீராத வயிற்றுப்போக்கு என்று வெளிப்படும். முகாமில் இவற்றை ஊட்டச்சத்துக் குறைவு என்று எண்ணிக் கடந்துவிடுவது எளிது.

மருத்துவரிடம் செல்லும்போது எவற்றைச் சொல்ல வேண்டும்?

பல நாடுகளில் புதிதாக வந்த குழந்தையிடம் நிரப்பப்படும் படிவத்தில் தாயின் நோய் பற்றியும் தடுப்பூசி பற்றியும் கேள்விகள் இருக்கும். ஊசிகள் பற்றி ஒரு கேள்வியும் இராது. இந்தக் குறையை நிரப்புவது பெற்றோர் சொல்லும் விவரம்தான். படிவம் கேட்காவிட்டாலும் பின்வருவனவற்றை நீங்களாகவே சொல்ல வேண்டும்: குழந்தை மருத்துவமனையில் எப்போதாவது தங்கியதா, இரத்தமோ பிளாஸ்மாவோ ஏற்றினார்களா, ட்ரிப் ஏற்றினார்களா, அறுவை சிகிச்சையோ தையலோ விருத்தசேதனமோ பல் பிடுங்கலோ எங்கே நடந்தது, மருத்துவர் அல்லாதவர் யாரேனும் ஊசி போட்டார்களா, சிரிஞ்சை உறையிலிருந்து உங்கள் கண் முன்னால் பிரித்தார்களா.

கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலான தாய்மார் உடனே விடை சொல்லிவிடுகிறார்கள் என்பது கேட்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். சிரிஞ்சு காகித உறையிலிருந்து வந்ததா, தட்டிலிருந்து எடுக்கப்பட்டதா என்பது அழுகிற பிள்ளையை மடியில் பிடித்துக்கொண்டிருந்தவருக்கு நினைவிருக்கும். பெற்றோர் உடன் இல்லாமல் தனியே வந்த சிறுவரிடம் இந்த விவரங்கள் கிடைக்காது. உடலில் உள்ள தழும்புகளே அவர்களுடைய மருத்துவ வரலாறு. எனவே அவர்களுக்கு வரலாறு கிடைக்கும் வரை காத்திராமல் மூன்று வைரஸ்களுக்கும் சோதித்துவிடுவதே சரி.

மொழிபெயர்க்க உறவினரையோ வீட்டின் மூத்த பிள்ளையையோ பயன்படுத்த வேண்டாம். பன்னிரண்டு வயது அக்காவின் முன்னால் எந்தத் தாயும் எல்லாவற்றையும் சொல்லிவிட மாட்டார்.

என்னென்ன பரிசோதனைகள் செய்வார்கள்?

ஹெபடைட்டிஸ் பிக்கு வைரஸின் மேற்பரப்புப் புரதத்தையும், அதற்கு உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளையும், வைரஸின் உட்கருப் புரதத்துக்கான எதிர்ப்பொருளையும் சேர்த்துப் பார்ப்பார்கள். மூன்றையும் ஒப்பிட்டால்தான் தொற்று இருக்கிறதா, வந்து போய்விட்டதா, தடுப்பூசியால் காப்பு உண்டாகியிருக்கிறதா என்று பிரித்தறிய முடியும். தடுப்பூசி போட்ட சில நாட்களில் மேற்பரப்புப் புரதம் இரத்தத்தில் தென்பட்டுப் பொய்யான அச்சத்தைத் தரக்கூடும் என்பதால், தடுப்பூசிக்கு முன்போ சில வாரங்கள் கழித்தோ இரத்தம் எடுப்பது நல்லது.

ஹெபடைட்டிஸ் சிக்கு முதலில் எதிர்ப்பொருள் சோதனை. அது இருந்தால் வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் இரண்டாவது சோதனை. முதல் சோதனை மட்டும் செய்துவிட்டுத் தொற்று இருக்கிறது என்று சொல்லிவிடக் கூடாது. ஒரு பகுதியினரிடம் வைரஸ் தானாகவே நீங்கிவிடும், எதிர்ப்பொருள் மட்டும் எஞ்சியிருக்கும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளும் 18 மாதம் வரை குழந்தையின் இரத்தத்தில் இருக்கலாம். எச்ஐவிக்கும் இதே காரணத்தால் 18 மாதத்துக்குட்பட்ட குழந்தைகளிடம் வைரஸையே நேரடியாகத் தேடும் சோதனை தேவை.

புறப்படுவதற்குச் சற்று முன்பு சந்தேகத்துக்குரிய சிகிச்சை நடந்திருந்தால், வந்தவுடன் செய்த சோதனை தொற்றில்லை என்று காட்டினாலும் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் மறுபடி சோதிக்க வேண்டும்.

தொற்று இருந்தால் குணப்படுத்த முடியுமா?

ஹெபடைட்டிஸ் சியைக் குணப்படுத்தலாம். வைரஸை நேரடியாகத் தாக்கும் மாத்திரைகளை 8 அல்லது 12 வாரங்கள் உட்கொண்டால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் முற்றாக நலமடைகிறார்கள். 2022இல் உலக சுகாதார நிறுவனம் 3 வயதிலிருந்தே குழந்தைகளுக்கு இவற்றைப் பரிந்துரைத்தது. பத்தாண்டுகளுக்கு முன்பு இத்தொற்றைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஓராண்டு வரை ஊசி போட வேண்டும், பக்கவிளைவு தாங்க முடியாது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இன்னும் பலர். அந்தக் காலம் போய்விட்டது.

ஹெபடைட்டிஸ் பியை அடக்கி வைக்கலாம். உடலைவிட்டு முற்றாக விரட்டும் மருந்து இன்னும் வரவில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு உடனே மருந்து தேவைப்படுவதில்லை. ஆனால் கல்லீரல் நொதிகளையும் வைரஸின் அளவையும் தவறாமல் பார்த்துவர வேண்டும். அழற்சி தென்பட்டால் குழந்தைகளுக்கு ஏற்ற மாத்திரைகள் உண்டு. அடிக்கடி இடம் மாறும் குடும்பங்களில் இந்தத் தொடர்கவனிப்புதான் முதலில் அறுந்துபோகிறது.

எச்ஐவி தெரிந்த உடனே, எந்த வயதானாலும், மருந்தைத் தொடங்க வேண்டும். நீரில் கரைத்துக் கொடுக்கக்கூடிய டோலுடெக்ரவிர் மாத்திரை இப்போது நான்கு வாரக் குழந்தைக்கும் கிடைக்கிறது. தவறாமல் உட்கொண்டால் அக்குழந்தை மற்ற பிள்ளைகளைப் போலவே வளரும்.

பள்ளியில் சொல்ல வேண்டுமா? மற்றப் பிள்ளைகளுக்குத் தொற்றுமா?

சேர்ந்து உண்பதாலும் விளையாடுவதாலும் கட்டியணைப்பதாலும் ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாலும் இவை தொற்றுவதில்லை. குழந்தையைப் பள்ளியிலிருந்து விலக்க மருத்துவக் காரணம் ஏதும் இல்லை. யாரிடம் சொல்வது என்பது குடும்பத்தின் முடிவு. எந்தக் குழந்தைக்குக் காயம்பட்டாலும் ஆசிரியர் கையுறை அணிந்து இரத்தத்தைத் துடைப்பதே பள்ளிக்குப் போதுமான விதி. வீட்டில் பல் துலக்கி, நகவெட்டி, சவரக் கத்தி ஆகியவற்றைப் பகிரக் கூடாது.

இதற்கு யார் காரணம் என்று கண்டுபிடித்து நடவடிக்கை எடுக்க முடியுமா?

சில நேரங்களில் முடியும். ஆனால் எளிதாக ஒருவரைச் சுட்டிவிடலாம் என்று நினைப்பது ஆபத்தானது. 1998இல் லிபியாவின் பென்காசி நகரக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் 400க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு எச்ஐவி தொற்றியது. அவர்களில் பலருக்கு ஹெபடைட்டிஸ் சியும் இருந்தது. வேண்டுமென்றே தொற்றைப் பரப்பினார்கள் என்று பல்கேரியச் செவிலியர் ஐவருக்கும் பாலஸ்தீன மருத்துவர் ஒருவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. வைரஸின் மரபுவரிசையை ஆராய்ந்த அறிவியலாளர்கள், அவர்கள் பணிக்கு வருவதற்கு முன்பே அந்த வைரஸ் அங்கே பரவத் தொடங்கியிருந்ததை 2006இல் காட்டினார்கள். 2007இல் அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். கருவிகளும் நடைமுறையும் சீர்கெட்ட ஓர் இடத்தின் பிழையை ஆறு பேர் தலையில் கட்டியதால் அவர்களுக்குச் சிறையிலேயே எட்டாண்டுகள் கழிந்தன.

எல்லை தாண்டி வந்த குடும்பத்துக்கு வழக்குத் தொடுக்கும் வாய்ப்பு பெரும்பாலும் இல்லை. ஆயினும் சிகிச்சை நடந்த இடத்தையும் காலத்தையும் மருத்துவரிடம் சொல்வது வீணாகாது. ஒரே இடத்திலிருந்து வந்த மூன்று நான்கு குழந்தைகளிடம் ஒரே தொற்று இருப்பது தெரிந்தால், பொதுச் சுகாதாரத் துறையினர் அந்த இடத்துக்குத் தகவல் அனுப்பவும், அங்கே சிகிச்சை பெற்ற மற்றவர்களைத் தேடவும் இயலும்.

முகாம் மருந்தகத்தில் உதவி செய்கிறோம். நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில், அந்த ஊசி தேவைதானா என்று கேளுங்கள். தேவையென்றால் ஒரு குழந்தைக்கு ஒரு புதிய ஊசி, ஒரு புதிய சிரிஞ்சு, முடிந்தவரை ஒருவருக்கான மருந்துக் குப்பி. பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடாமல், குத்தினால் துளையாத பெட்டியில் உடனே இட வேண்டும். பெட்டி முக்கால் பங்கு நிறைந்ததும் மூடிவிட வேண்டும். அந்தப் பெட்டி எங்கே போகிறது என்பதையும் பாருங்கள், ஏனெனில் முகாமின் குப்பைமேட்டில் கிடக்கும் சிரிஞ்சுகள் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருளாகிவிடுகின்றன. குப்பையில் கிடந்த ஊசி குத்திய குழந்தையைக் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்: எச்ஐவி தடுப்பு மருந்து தேவையென்றால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் கொடுப்பார்கள், ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை இயன்றவரை 24 மணி நேரத்துக்குள் போடுவார்கள்.

முயன்றால் மாறும் என்பதற்கு உலகளாவிய கணக்கே சாட்சி. பாதுகாப்பற்ற ஊசிகளால் 2000ஆம் ஆண்டில் 2 கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஹெபடைட்டிஸ் பியும், 20 லட்சம் பேருக்கு ஹெபடைட்டிஸ் சியும், 2.6 லட்சம் பேருக்கு எச்ஐவியும் தொற்றியதாக மதிப்பிடப்பட்டது. 2010இல் ஹெபடைட்டிஸ் பி 17 லட்சத்துக்கும், எச்ஐவி 34,000க்கும் கீழே இறங்கிவிட்டன.

மீள்குடியேற்றத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம். சோதனை முடிவு அதற்குத் தடையாகுமா?

இந்தப் பயத்தால்தான் பலர் சோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதால் உங்கள் வழக்கைக் கையாளும் அலுவலரிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். எடுத்துக்காட்டாக, அமெரிக்கா எச்ஐவி உள்ளவர்களின் வருகைக்கு விதித்திருந்த தடையை 2010 ஜனவரியில் நீக்கிவிட்டது. சோதனை அறிக்கைகள், ஏற்றிய இரத்தத்தின் விவரம், மருந்துச் சீட்டுகள், தடுப்பூசி அட்டை ஆகியவற்றின் நகலை ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் படமாகவும் இருக்கட்டும். ஒரு குழந்தைக்குத் தொற்று உறுதியானால், அதே மருந்தகத்துக்குச் சென்றிருக்கக்கூடிய உடன்பிறந்தோரையும், தாய் தந்தையரையும் சோதிக்கச் சொல்லி அதே நாளில் கேளுங்கள்; ஹெபடைட்டிஸ் பி இல்லாத மற்றப் பிள்ளைகளுக்கு அன்றே முதல் தடுப்பூசியைப் போட்டுவிடலாம்.